பட்டாளத்து பாண்டும் பொதுஜனங்களும்

உலகத்தில் எந்தத் தேசத்துச் சேனையும் ஊமையாக நடந்ததில்லை. வாளும் வேலும் ஆண்ட காலத்திலும் சரி, பீரங்கியும் ஆகாய விமானமும் வந்த காலத்திலும் சரி, சேனை இருந்த இடத்தில் முழக்கமும் இருந்தே வந்திருக்கிறது. படையை முன்னே செலுத்தவும், பின்னே வாங்கவும், பொழுது சாய்ந்ததும் பாசறைக்கு அழைக்கவும் முரசும் எக்காளமும் செய்து வந்த வேலையை இன்று ரேடியோக் கருவிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும் பட்டாளத்து பாண்டு ஒழிந்துவிடவில்லை. சண்டைக்கு வேண்டாததாகிவிட்ட ஒரு வாத்திய கோஷ்டியைச் சர்க்கார்கள் ஏன் இன்னும் சம்பளம் கொடுத்து, உடுப்புக் கொடுத்துப் போஷித்து வருகின்றன என்று ஒருவர் கேட்பாராயின், அதற்கு நேர்மையான விடை ஒன்றே உண்டு: ஜனங்கள் கேட்பதற்காக.

அந்த ஜனங்கள் யார், எந்த ஊரில் இருப்பவர்கள் என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி. டில்லி நகரத்து விஜய சௌக்கத்தில் வாசிப்பதற்கு முப்படை பாண்டுகளும் வருகின்றன. பெரிய நகரங்களில் விசேஷ தினங்களில் அவற்றைக் கேட்க இடமுண்டு. ஆனால் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருக்கும் குடியானவனும், திண்டிவனம் சந்தைக்கு மணிலாக்கொட்டை மூட்டையோடு வருபவனும் தேச ஜனங்களில் சேர்ந்தவர்களே. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் எல்லோரும் நம் ஊர்களைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டிப் போவதோடு சரி. நம் மைதானத்தில் ஒரு மாலைப் பொழுது பாண்டு வந்து நின்று, யாதொரு டிக்கெட்டும் இன்றி எல்லோரும் கேட்கும்படி வாசிப்பது ஏன் வழக்கமாக இருக்கலாகாது?

இத்தகைய கச்சேரியை 'இலவசக் கச்சேரி' என்று சொல்வது வழக்கம். அச்சொல்லே பிழை என்பது நமது அபிப்பிராயம். பாண்டுக்காரர் பூணும் உடுப்பும், ஊதும் குழலும், உண்ணும் சோறும் நாம் செலுத்தும் வரிப்பணம். முன்னரே விலை கொடுத்து வாங்கிவிட்ட பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது அதை யாரும் இனாம் என்று சொல்லமாட்டார்கள்.

முரசு கட்டில்

பட்டாள சங்கீதம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று கருதுவோர் பலர். தமிழ்நாட்டின் சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. சங்க நூல்களைப் புரட்டினால் முரசும், பறையும், துடியும், தண்ணுமையும், முழவும் ஒலிக்காத போர்க்களமே கிடையாது. அரசனுக்குரிய அடையாளங்களில் கொடிக்கும் குடைக்கும் சமானமாக முரசு எண்ணப்பட்டது. வீரமுரசு, நியாயமுரசு, கொடைமுரசு என்று முரசுகளை மூன்றாக வகுத்த நாடு இது. யுத்தத்துக்கு மாத்திரமன்றி, நீதிக்கும் ஈகைக்கும் முரசு வைத்திருந்தவர்கள் நம் முன்னோர் என்பதை மறக்கலாகாது.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டுக்குரிய வரலாறு நேயர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். சேர மன்னனுடைய வீரமுரசு நீராட்டுக்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. அது வைக்கும் கட்டில் பூப்பரப்பிக் காலியாகக் கிடந்தது. வழிநடந்து களைத்து வந்த மோசிகீரனார் என்னும் புலவர், அது இன்னதென்று அறியாமல் அதில் படுத்து உறங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறியவனுக்குத் தண்டனை மரணம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை எடுக்கவில்லை; கவரியை எடுத்து, புலவர் விழிக்கும் வரையில் வீசிக்கொண்டு நின்றான். சேனையின் முரசுக்குரிய ஆசனத்தில் ஓர் ஏழைக் குடிமகன் படுத்துறங்க, அரசன் அவனுக்கு விசிறினான் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! பட்டாளத்து வாத்தியத்தின் மேல் பொதுஜனத்துக்கு உள்ள பாத்தியதையை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறு தேசத்துச் சரித்திரத்தில் அகப்படுவது அரிது.

அரசர்கள் போன பிறகும் அந்த முழக்கம் கோயிலில் தங்கியது. சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிக்கப்படும் மல்லாரி என்பது என்ன? பெரும்பாலும் கம்பீரநாட்டையில், சாகித்தியமே இல்லாமல், தவில் சொற்களின் கட்டுக்கோப்பில் நடக்கும் மல்லாரி, நடைக்கென்றே பிறந்த சங்கீதம். பல்லக்குத் தூக்குவோரின் தோளும் காலும் அதற்கிணங்கி அசைவதைக் கண்டவர்கள், அதுவும் ஒரு 'மார்ச்' தான் என்பதை ஒப்புக்கொள்வார்கள். எக்காளமும், திருச்சின்னமும், கொம்பும் நமக்குப் புதியவையல்ல. பித்தளையை ஊதிப் பேசவைக்கும் வித்தையை நாம் எவரிடத்தும் கடன் வாங்கவில்லை.

பிறந்த வீடு

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பட்டாள பாண்டில் உள்ள வாத்தியங்களின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அவற்றுள் பல கீழ்த்திசையில் பிறந்து மேற்றிசையில் வாழ்க்கைப்பட்டவை என்று தெரியவரும். நம் கோயில் வாசல்களில் முழங்கும் நகரா, அரபியரின் நக்காராதான். சிலுவை யுத்தங்களின் காலத்தில் அது ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே அதே பெயரின் சிதைவோடு வழங்கி, பின்னர் குதிரைப் படைகளின் முரசாயிற்று. துருக்கி சுல்தானின் ஜானிஸரிப் படைகள் பெரிய முரசும், கைத்தாளமும், சுர்ணாயும் முழங்க வியன்னா வரையில் நடந்து சென்றன. அந்த முழக்கத்தைக் கேட்டு அஞ்சிய ஐரோப்பிய மன்னர்களே பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வாத்தியங்களைத் தங்கள் பட்டாளங்களில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று பாண்டின் நடுவே புலித்தோல் போர்த்தவன் வயிற்றில் கட்டிக்கொண்டு அடிக்கும் பெரிய டிரம்மும், பக்கத்தில் ஒலிக்கும் பித்தளைத் தாளமும் அவ்வாறு சென்றவையே.

இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் சுர்ணாய்க்கும், நமது நாகஸ்வரத்துக்கும், வடநாட்டு ஷெனாய்க்கும், ஐரோப்பிய ஓபோவுக்கும் குடும்ப ஒற்றுமை வெளிப்படை. ஸ்காட்லாந்து மலைவாசிகளின் பைக்குழலைப் பார்த்து வியக்கிறோம். ஆனால் நம் சதிர்க் கச்சேரிகளில் சுருதிக்காகத் தோல்பையை இடுக்கி ஊதிய துத்தியை மறந்துவிட்டோம். ஆகவே, பட்டாளத்து பாண்டு நம் மைதானத்துக்கு வருவதை அந்நியன் வருகையாகக் கருத வேண்டியதில்லை. நெடுநாள் வெளிதேசத்தில் இருந்து, உடையும் பாஷையும் மாறித் திரும்பும் உறவினன் என்றே கொள்ளலாம்.

கோட்டை பாண்டும் தீட்சிதரும்

அந்த உறவினன் நம் நாட்டுக்கு முதலில் வந்தபோது நல்ல எண்ணத்தோடு வரவில்லை என்பதும் உண்மை. திண்டிவனத்துக்கு வடக்கேயுள்ள வந்தவாசியில் 1760-ஆம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிக்கொண்டார்கள். மறு வருஷமே புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. தென்னிந்தியா யாருக்கு என்பதை நம்மைக் கேளாமல் இரண்டு அந்நியர் நம் வயல்வெளியில் நின்று தீர்த்துக்கொண்ட யுத்தம் அது. இரு தரப்பிலும் சிப்பாய்களாக நின்று மாண்டவர்களில் நம்மவரும் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னர், 1758-ல், கும்பினியாரின் சேவகத்தில் ஏற்பட்ட சிப்பாய்ப் படையே இன்று சுதந்திர இந்தியாவின் மதராஸ் ரெஜிமெண்டாக, நீலகிரியில் வெல்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நிற்கிறது. அதன் போர் முழக்கம் 'வீர மதராசி' என்று தொடங்குகிறது. அந்நியனுக்காக ஏற்பட்ட படை எவ்வாறு சொந்தப் படையாயிற்றோ, அவ்வாறே அந்நியனுடைய பாண்டும் சொந்தமாயிற்று.

அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு சிப்பாயல்லர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர். வாலிபத்தில் சென்னைக்கு அடுத்த மணலியில், அவ்வூர் முதலியாருடைய ஆதரவில் தம் குடும்பத்தோடு அவர் வாழ்ந்து வந்தார். கும்பினியாரிடம் துபாஷியாக இருந்த சின்னையா என்னும் வெங்கடகிருஷ்ண முதலியார், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நடக்கும் ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்க அவர்களை அழைத்துச் செல்வார். மற்றொரு வைதிக பிராமணர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். தீட்சிதர் காது கொடுத்தார். கேட்ட மெட்டுகளைப் பிடித்து, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் தெய்வ ஸ்துதிகளை அமைத்தார். சுமார் 40 வரையில் கிடைத்திருக்கும் அந்த உருப்படிகளை 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' என்று வித்வான்கள் வழங்குகிறார்கள்.

அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு எது தெரியுமா? ஆங்கில மன்னனைக் கடவுள் காக்க வேண்டும் என்று கும்பினிப் பட்டாளம் எழுந்து நின்று வாசித்த அதே ராஜ கீதம்! அதிகாரத்தின் மெட்டிலிருந்து அதிகாரியை இறக்கிவிட்டு, அம்பிகையை ஏற்றிவைத்தார் தீட்சிதர். சட்டமறுப்பு என்னும் சொல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கத்தியின்றி ரத்தமின்றி நடந்த இந்தக் காரியத்துக்கு என்ன பெயர் கொடுப்பது? அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரோ ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பக்க வாத்தியமாக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்கவும் இயலாது. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரையில் ஆண்ட தம் சபையில், மேனாட்டு வாத்தியங்களைக் கொண்ட பாண்டு ஒன்றை வைத்து ஆதரித்தார். அக்காலத்து மேனாட்டு இசைக் குறிப்புகள் சரஸ்வதி மஹாலில் இன்றும் இருக்கின்றன. சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட்டு வந்து அமர்ந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இதில் சங்கீத சம்பந்தமான ஒரு நுட்பமும் உண்டு. தீட்சிதர் கேட்ட மெட்டுகள் எல்லாம் ஐரோப்பியரின் 'மேஜர்' ஸ்வரக் கட்டில் அமைந்தவை. அது நமது சங்கராபரணத்தின் ஸ்வரக் கட்டே. ஆகையால் கமகம் இல்லாமல் நேர்கோடாகச் செல்லும் அந்த மெட்டுகளைச் சங்கராபரணத்தில் வைப்பது எளிதாயிற்று. இன்றைக்கும் பாண்டில் மோகனமும் ஹம்ஸத்வனியும் சோபிக்கும். தோடியும் பைரவியும் சிரமப்படும். பித்தளை வாத்தியத்தின் விசைகள் ஸ்வரத்தைத் துண்டு துண்டாகப் பிடிப்பவை; வளைத்து அசைப்பவையல்ல. இந்த எல்லையை அறிந்து வாசித்தால் பாண்டு நம் செவிக்கு விருந்தாகும். அறியாமல் வாசித்தால் இரு சங்கீதத்துக்கும் அபசாரமாகும்.

கைதியின் எக்காளம்

வாத்தியத்துக்கு அடிமைத்தனமும் இல்லை, சுதந்திரமும் இல்லை; ஊதுகிறவனுக்கே அவை உண்டு. இதற்கு ராம்சிங் தாகூரியைக் காட்டிலும் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. 1914-ல் பிறந்த அவர் பிரிட்டிஷ் இந்திய சேனையின் கூர்க்காப் பட்டாளத்தில் சிறுவனாகச் சேர்ந்து பாண்டு வாத்தியம் பயின்றவர். இரண்டாவது உலக யுத்தத்தில் மலேயாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பின் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். சக்கரவர்த்திக்கு சலாம் வாசித்த அதே கைகள் 'கதம் கதம் படாயே ஜா' என்னும் நடைப் பாட்டுக்கு மெட்டு அமைத்தன. அந்த மெட்டுக்கு அடிவைத்து நடந்தவர்களில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்களும் உண்டு. ராஜத் துரோகமாகக் கருதப்பட்ட அப்பாட்டு இன்று இந்திய சேனையின் அணிவகுப்புகளில் பகிரங்கமாக முழங்குகிறது. 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் மூவர்ணக் கொடி ஏறியபோது வாசிக்க அழைக்கப்பட்டவரும் அந்த ராம்சிங்கே. 2002-ல் அவர் காலமானார்.

நமது தேசிய கீதத்தின் வரலாற்றிலும் பாண்டுக்கு ஒரு பங்கு உண்டு. 'ஜன கண மன' 1911 டிசம்பர் 27-ந் தேதி கல்கத்தா காங்கிரஸில் முதன்முதல் பாடப்பட்டது. 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாதர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனபள்ளியில் தங்கியிருந்தபோது, அங்குள்ள கலாசாலையில் இருந்த மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அதற்கு மேனாட்டு ஸ்வரக் குறிப்பு எழுதினார். சுதந்திரம் வந்த பிறகு, எந்தக் கீதம் தேசிய கீதமாவது என்ற பிரச்சினை எழுந்தது. 1947-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் சபை கூடிய காலத்தில் நம் பிரதிநிதிகளிடம் தேசிய கீதத்தைக் கேட்டார்கள், அவர்களிடம் இருந்த 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொண்டு அங்குள்ள வாத்திய கோஷ்டியார் வாசித்தார்கள், கேட்டவர்கள் மெச்சினார்கள். நேருஜி இதை 1948 ஆகஸ்டு 25-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் எடுத்துச் சொல்லி, பாண்டிலும் வாத்திய கோஷ்டியிலும் வாசிப்பதற்கு எது ஏற்றது என்பதை ஒரு முக்கியக் காரணமாக வைத்தார். தேச பக்தர்கள் தடியடி பட்டபோது உச்சரித்த 'வந்தே மாதரம்' பாண்டுக்கு இணங்காது என்பதை ஒப்புக்கொள்ளாத மாஸ்டர் கிருஷ்ணராவ், அதற்கு பாண்டு மெட்டு அமைத்து வாசித்துக் காட்டவும் செய்தார். இறுதியில் 1950 ஜனவரி 24-ந் தேதி ராஜேந்திர பிரசாத் 'ஜன கண மன' தேசிய கீதம் என்றும், 'வந்தே மாதரம்' அதற்குச் சமமான மரியாதைக்குரியது என்றும் அறிவித்தார்.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி இம்மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் யார்? திண்டிவனத்துக்கு அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயி, ராமஸ்வாமி ரெட்டியார். பழைய ராஜ கீதத்துக்கு விடைகொடுத்துப் புதிய கீதம் ஒலிக்கத் தொடங்கிய காலத்தில் மாகாணத்தின் தலைமை நம் தாலுகாவின் கையில் இருந்தது. அந்த மண்ணுக்குத் தேசத்தின் பாண்டைக் கேட்கும் உரிமையில்லை என்று யார் சொல்லக்கூடும்?

டில்லியில் நடப்பது

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 29-ந் தேதி மாலை டில்லியில் நடக்கும் பாசறை திரும்பும் வைபவத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பொழுது சாயும் வேளையில் சண்டையை நிறுத்தி, கொடியை இறக்கிப் பாசறைக்குத் திரும்பும் பழைய வழக்கத்தின் ஞாபகார்த்தம் அது. குடியரசின் தொடக்க காலம் முதல் அதில் காந்தியடிகளுக்குப் பிரியமான 'அபைட் வித் மீ' என்னும் கிறிஸ்தவ கீதம் வாசிக்கப்பட்டு வந்தது. 2022-ல் அது நீக்கப்பட்டது. 2023-ல் இந்திய மெட்டுகள் மாத்திரமே வாசிக்கப்பட்டன.

இந்திய மெட்டுகள் பெருகுவதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். அதற்கென்றே முக்கால் நூற்றாண்டு காத்திருந்தோம் என்றாலும் தகும். ஆனால் அந்தக் கீதத்தை நீக்கியது பற்றி நமக்குத் திருப்தியில்லை. அந்நிய மெட்டு என்பதற்காக ஒன்றை விலக்குவது பயத்தின் குணம். தீட்சிதர் பயப்படவில்லை, எடுத்தார், தம்முடையதாக்கினார். சபர்மதியிலும் சேவாகிராமத்திலும் பிரார்த்தனையில் கலந்துவிட்ட ஒரு பாட்டு எந்த நாட்டில் பிறந்தால் என்ன? மஹாத்மாவின் வாயில் புகுந்த பிறகு அது சுதேசியே. அவர் உயிர் நீத்த நாளுக்கு முந்தின மாலையில் அது ஒலித்துவந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

இதைவிட முக்கியமான குறை வேறொன்று. எந்த மெட்டு என்று டில்லியில் வாதம் நடக்கிறது. எந்த ஜனங்களுக்கு என்று எவரும் வாதிப்பதில்லை. அந்த வைபவத்தை நேரில் காணவேண்டுமானால் அழைப்பாவது டிக்கெட்டாவது வேண்டும்; டில்லிக்குப் போக ரயில் சத்தமும் வேண்டும். 2025-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று மாலை, முப்படைகள் முதலியவற்றின் பாண்டுகள் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பொதுஜனங்கள் கேட்க வாசித்தன. இது நல்ல தொடக்கம். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் கொண்டாட்டமாக அது நின்றுவிடுமாயின், தீபாவளிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொள்பவன் கதையாகத்தான் முடியும்.

ஒரு சிறுவனின் செவி

பொதுவில் வாசிக்கப்படும் பாண்டினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். மைசூர் அரண்மனையில் உடையார் மன்னர்கள் பாண்டு வைத்துப் பேணி வந்தார்கள். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவரின் மகன், சிறுவனாக இருந்தபோது மைசூருக்கு வந்து, அந்த பாண்டில் ஸாக்ஸபோன் என்னும் வாத்தியத்தைக் கேட்டான். பெல்ஜியத்து அடால்ப் ஸாக்ஸ் என்பவர் கண்டுபிடித்து 1846-ல் உரிமை பெற்றதும், பிரெஞ்சுப் பட்டாள பாண்டுகளில் வளர்ந்ததுமான வாத்தியம் அது. கர்நாடக சங்கீதத்தின் கமகங்களுக்கு அது இணங்காது என்றே எல்லோரும் எண்ணினர். சிறுவன் எண்ணவில்லை. ஏறத்தாழ இருபது வருஷ சாதகத்துக்குப் பின், உலகம் அவனைக் கதிரி கோபால்நாத் என்று அறிந்தது. சென்னை சபாக்களில் அவர் வாசித்த ராகங்களைக் கேட்டவர்கள் அந்த வாத்தியம் பிறந்தது கர்நாடகத்திலா என்று ஐயுற்றார்கள். 2019 அக்டோபரில் அவர் காலமானபோது நாடு ஒரு மஹா வித்வானை இழந்தது.

அன்று மைசூரில் அந்த பாண்டு மூடிய மண்டபத்துக்குள் பிரபுக்களுக்கு மாத்திரம் வாசித்திருந்தால், ஒரு நாகஸ்வரக்காரர் மகனின் செவியில் அது விழுந்திருக்குமா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அத்தகைய செவி படைத்த சிறுவனோ சிறுமியோ இல்லை என்று யார் சத்தியம் செய்யக்கூடும்? விதை தூவாத நிலத்தைத் தரிசு என்று பழிப்பது நியாயமாகாது.

நம் ஊர்களில் உள்ளது

உண்மையில் நம் நிலம் தரிசன்று. திறந்த வெளியில், டிக்கெட்டு இல்லாமல், ஊர் முழுவதும் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி என்பதை நமக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் முழங்க, பாரத யுத்தத்தையே மைதானத்தில் நடத்திக் காட்டும் ஜனங்கள் நம்மவர். மேல்மலையனூரில் அங்காளம்மன் சந்நிதியில் அமாவாசை இரவு பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது நிற்பவர்களின் எலும்பு அதிரும். இவற்றை விடப் பெரிய 'ஓப்பன் ஏர்' கச்சேரி எங்கே உண்டு?

இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும், தேருக்கும், சாவுக்கும் வாசிக்கும் பாண்டு செட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பறையடிப்போரும் பம்பைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட குலங்களில் பிறந்தவர்கள். பறை என்னும் வாத்தியத்தின் பெயரிலிருந்து ஒரு சாதிப் பெயரும், அந்தச் சாதிப் பெயரிலிருந்து ஒதுக்கப்பட்டவன் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும் பிறந்ததை அறிவோம். மன்னர்களின் முரசைப் பூவிட்டு வணங்கிய நாடு, அதை முழக்கியவனின் சந்ததியைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. தோலைத் தட்டுகிறவன் சர்க்கார் உடுப்புப் போட்டிருந்தால் எழுந்து நின்று மரியாதை செய்கிறோம். உடுப்பில்லாமல் அதே தோலைத் தட்டினால் இழிதொழில் என்கிறோம். முழக்கம் ஒன்றே. பேதம் நம் மனத்தில் இருக்கிறது.

ஆதலால், பட்டாளத்து பாண்டு நம் ஊருக்கு வரவேண்டும் என்று நாம் கேட்பது வெறும் வேடிக்கைக்காக அன்று. அது வருகிற மாலையில், அதே மேடையில், அதே மரியாதையோடு, நம் ஊர் நாகஸ்வர கோஷ்டியும், பம்பைக்காரரும், பறைக் கலைஞரும், பாண்டு செட்டுக்காரரும் தங்கள் கைவரிசையைக் காட்ட வேண்டும். சேனையின் பாண்டு மாஸ்டர் இறங்கி வந்து அவர்களுடைய கையைப் பிடித்துக் குலுக்கட்டும். அந்த ஒரு காட்சி, தீண்டாமையை எதிர்த்துச் செய்யப்படும் நூறு பிரசங்கங்களுக்குச் சமானமாகும்.

செய்ய வேண்டியவை

மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் மனம் வைத்தால் இது பெரிய செலவில்லாத காரியம். சேனை பாண்டுகளும், தமிழ்நாடு போலீஸ் பாண்டும், என்.சி.சி. மாணவர் பாண்டும் முறைபோட்டுக்கொண்டு ஒவ்வொரு மாவட்டத் தலைநகருக்கும், முக்கியமான தாலுகா ஊர்களுக்கும் வருஷத்தில் இரண்டு முறையேனும் வரவேண்டும். 1993-ல் தனி மாவட்டமான விழுப்புரத்தில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை, திண்டிவனத்திலும் இல்லை.

வாசிக்கும் ஒவ்வொரு மெட்டின் வரலாற்றையும் தமிழில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும். இது ராம்சிங் மலேயாவில் அமைத்தது, இது தீட்சிதர் கோட்டையில் கேட்டது என்று சொன்னால், கேட்பவனுக்கு அது தன் சொத்து என்ற உணர்ச்சி உண்டாகும். தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் பாண்டிலிருந்து பிறந்தவையாதலால், அவற்றை மீண்டும் பாண்டிலேயே கேட்பது மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதை ஒக்கும். நம் கூத்து மெட்டுகளையும் மல்லாரியின் நடையையும் பாண்டுக்கு இணங்க அமைக்க வித்வான்கள் முன்வர வேண்டும். கச்சேரி முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கவும் ஊதிப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். தொட்டுப் பார்த்த பிள்ளையே ஒரு நாள் கற்றுக்கொள்ளும்.

ஊர்ப் பெரியவர்களும், பஞ்சாயத்துத் தலைவர்களும், நகரசபை அங்கத்தினர்களும் சர்க்கார் தானாகச் செய்யட்டும் என்று வாளாவிருக்கலாகாது. கேளாதவனுக்குக் கிடைப்பதில்லை. ஒரு மகஜர், பத்துப் பேர் கையெழுத்து, மாவட்டக் கலெக்டரிடம் ஒரு நடை, இவ்வளவே வேண்டுவது. சாலைக்கும் தண்ணீருக்கும் மகஜர் எழுதத் தெரிந்த நமக்குச் சங்கீதத்துக்கு எழுதத் தெரியாதா?

சேர மன்னன் காலத்தில் முரசு கட்டிலில் ஏறிய புலவர் ஒருவரே. மன்னன் பெருந்தன்மையுள்ளவனாக இருந்தமையால் பிழைத்தார். இன்று மன்னன் இல்லை, ஜனங்களே மன்னர். ஆகவே முரசும் அவர்களுடையது, கட்டிலும் அவர்களுடையது. அந்த முரசை நம் ஊர் மைதானத்துக்கு வரவழைத்துக் கேட்பது நம் உரிமை. அதை முழக்கும் நம் ஊர்ச் சகோதரனை மதித்துப் பக்கத்தில் அமர்த்துவது நம் கடமை. உரிமையைக் கேட்டுப் பெறும் மாலையிலேயே கடமையையும் செய்து முடிப்போமாக.